வம்பு

"வாயைத் திறந்து தொலையேன், சனியனே!"

சமையலறையிலிருந்து அவள் போட்ட கத்தலில் முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். அங்கே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். இங்கே, பிறந்து ஒன்பது நாளான ஆட்டுக்குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பால் பாட்டிலின் ரப்பரை உதட்டில் வைத்தால் தலையைத் திருப்பியது. வழிந்த பாலில் அவள் புடவை நாறியது. நேற்று இரவு அப்பா கையால் குடித்ததுதான் கடைசி. இப்போது மணி பன்னிரண்டு. காலையில் கத்திக்கொண்டிருந்த குட்டிக்கு இப்போது கத்தவும் தெம்பில்லை.

மூன்று குட்டி போட்ட தாய் ஆடு இதை மட்டும் முட்டித் தள்ளிவிட்டதாம். ஆட்டுக்காரர் கைவிட்டதை அப்பா சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்தார். "எல்லாரும் வம்பை விலைக்கு வாங்குவாங்க. நான் சும்மாவே வாங்கிட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். வம்பு என்பதே பெயராகிவிட்டது.

அவருடைய நெஞ்சுவலிக்காக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவள் அவள். அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கேட்டால்தானே! மூன்று மணிக்கொரு தரம் எழுந்து, முக்காலியில் உட்கார்ந்து, குட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். வலது கையில் பாட்டில், இடது கை அதன் முகத்தில்.

"வந்து ஒரு தரம் பாத்துக்கயேம்மா. நான் இல்லாத நேரம் நீதானே குடுக்கணும்."

"உங்களைப் பாக்கவே எனக்கு நேரம் பத்தலை. இந்தக் கொஞ்சலை வேற பாக்கணுமா?"

நேற்றும் அதையேதான் சொன்னாள்.

காலையில் டீ கொண்டுபோனபோது கண்கள் திறந்தபடி இருந்தன, உயிர் இல்லை. அவள்தான் இமைகளை மூடினாள். கையை எடுத்ததும் திறந்துகொண்டன. கடைசி வரை சொன்ன பேச்சுக் கேட்காத மனுஷர். உள்ளங்கையை அழுத்திவைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. அதைக் கட்டிப் போட்டுட்டு வா."

"பெரிசா சொல்ல வந்துட்டான். நீ குடு, பாப்போம்."

அவன் குட்டியைத் தூக்கிக் கைக்குழந்தைபோல மடியில் மல்லாத்தினான்.

"டேய், டேய்! மல்லாத்தாதடா! பால் மூச்சுக்குழாய்க்குப் போயிடும்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாரு." சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பார்க்கத்தான் போகவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் அக்கா. அழுது அழுது குரல் போயிருந்தது. "எந்தம்பியே போயிட்டான். இது எதுக்குடி? ஆட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கேன். எடுத்துட்டுப் போகட்டும்."

"எடுத்துட்டுப் போய்?"

அத்தை தம்பியைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

அவள் பாலை மறுபடி சூடாக்கினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அப்பாவின் முக்காலியை இழுத்துப்போட்டு, குட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினாள். அதன் முழங்கால்கள் மடிந்து மடிந்து போயின. ஆனாலும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. இமைக்கவே இல்லை.

"அப்படிப் பாக்காத."

பார்த்தது.

"இப்ப நான் என்ன செய்யணுங்கற? எனக்குத் தெரியாது, போதுமா? நான் பாக்கலை. வந்து பாருன்னாரு, நான் பாக்கலை. பாக்காதன்னு சொல்றேன்ல!"

ஆத்திரத்தில் இடது உள்ளங்கையால் அதன் கண்களைப் பொத்தினாள்.

குட்டி திமிறவில்லை. கைக்குள் இருட்டானதும், தாயின் வயிற்றடியில் நுழைந்துவிட்டதுபோல, மூக்கை மேலே உயர்த்தி எதையோ தேடியது. ரப்பர் தட்டுப்பட்டதும் கவ்விக்கொண்டது. பாட்டில் குலுங்கியது. வால் படபடவென்று ஆடியது.

அப்பாவின் இடது கை கொஞ்சிக்கொண்டிருக்கவில்லை.

"அக்கா, ஆட்டுக்காரர் வந்துட்டாரு." சமையலறை வாசலில் தம்பி வாயைப் பிளந்தான். "அட, குடிக்குதா? எப்படிக்கா?"

"அவரைப் போகச் சொல்லு."

"உன்னையும் கூப்பிடறாங்க."

"வர்றேன். இது குடிச்சு முடிக்கட்டும்."

அவன் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் இமைகள் திறந்து மூடி, திறந்து மூடி, குறுகுறுத்தன.