கோணி ஊசி அடையாளம்

மெக்கானிக் என்றாலே திருடன் என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர், கண்ணுகளா. "ஒரு திருகு திருகினான், கையை நீட்டிட்டான்" என்போம். எதைத் திருகுவது என்று கண்டுபிடிக்க அவன் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்ததை நாம் வேலையில் சேர்ப்பதே இல்லை. அப்படி நினைத்த ஒருவருடைய கதை இது. ஆள் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைத் திட்டும்போது கொஞ்சம் நிதானமாகத் திட்டுவீர்கள்.

தராசு என்பது அவருக்குப் பட்டப்பெயர். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. அங்கே நடக்காத தில்லுமுல்லு கிடையாது. சரக்கோடு வரும்போது கனமான உபரி டயர் இருக்கும். காலி வண்டியாகத் திரும்பி வரும்போது அதை இறக்கிவிட்டு இளைத்துப்போன டயர் ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார்கள். டயர் கனமும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். அதனால் தராசு சட்டைப்பையில் எப்போதும் ஒரு கோணி ஊசி வைத்திருப்பார். வண்டி வந்ததும் டயரில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல். திரும்பி வரும்போது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். "அடையாளம் போட்டு வச்சாத்தான் மனுஷன் யோக்கியனா இருப்பான்" என்பார்.

அவர் மனைவியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள். பழைய கார் ஒன்றில் மூட்டைகளை அடைத்துக்கொண்டு, சரிவுப் பாதையில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய்ப் போடுவாள். அந்தக் காரைப் பார்த்துக்கொண்டது அவளுடைய சொந்தத் தம்பி. அதே தெருவில் பட்டறை வைத்திருந்தான்.

தம்பிக்கு ஒரு வழக்கம். எதைக் கழற்றி மாற்றினாலும், பழைய சாமானைத் துணியில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவான். அதையும் தராசு நம்பவில்லை.

"அது யாரோட பழசோ! மூட்டை கட்டி வச்சிருப்பான், வர்றவனுக்கெல்லாம் ஒரு பொட்டலம்."

"அவன் என் கூடப் பொறந்தவன்ங்க" என்பாள் அக்கா.

"அதனாலதான் மெதுவா அறுக்கறான்."

காரில் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால், அக்கா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த நேரம், தராசு ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டையின் இரும்பு முதுகில் ஊசியால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்திலேயே ஒரு ரப்பர் குழாய் வளைந்து வந்தது. பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அதன் வழியாகத்தான் பாயும். இதையும் மாற்றினேன் என்று சொல்வான் என்று நினைத்து அதிலும் ஒரு குறி போட்டார். வயதாகி விறைத்துப்போன ரப்பர். ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது. சக்கரத்தை மாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனார்.

"வாங்க மாமா. அக்கா வரலையா?"

"ஏன், அவ வந்தா பில்லைக் குறைப்பியா?"

"அவ வந்தா எனக்கு டீ வாங்கித் தருவா. நீங்க வந்தா நான்ல வாங்கித் தரணும்."

பொட்டலத்தை நீட்டினான். தராசு பிரித்துப் பார்த்தார். தேய்ந்துபோன கட்டைகள். முதுகில் அவருடைய குறி. உண்மையைச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

தம்பி எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கையில் மரத்தூளை அள்ளித் தேய்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா மாமா, பிரேக் குழாய்ல ஒரு கீறல் இருக்கு. யாரோ... எதுலயோ குத்தின மாதிரி. அழுத்தி மிதிச்சா எண்ணெய் முத்து முத்தா துளிர்க்குது. மாத்தியே ஆகணும். புதுசு சொல்லி விட்டிருக்கேன். வர்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

தராசுக்குள் விளக்கு எரிந்தது. ஆகா, மாட்டிக்கொண்டான்! என் அடையாளத்தையே ஓட்டை என்று காட்டிக் காசு பார்க்கிறான்!

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த குழாய், உன் கை பட்டதும் கிழிஞ்சுபோச்சா மச்சான்?"

"என் கை படலை மாமா."

"அப்ப யார் கை?"

தம்பி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "யார் கையா இருந்தா என்ன. ரப்பர் பழசு."

"என் தலையிலயே மிளகா அரைக்கப் பார்க்கறியே!"

ஆணியில் தொங்கிய சாவியைத் தராசு எடுத்தார். வேறு யாராவது என்றால் தம்பி இன்னொரு வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறித்திருப்பான். இவர் அக்கா புருஷன். அந்தக் கையைப் பிடித்து எப்படிப் பிடுங்குவது?

"மாமா, அக்காவை ஓட்டவிடாதீங்க" என்று மட்டும் பின்னாலேயே ஓடிவந்து சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலில் நின்றாள். "தம்பி போன் பண்ணான். பிரேக்ல ஏதோ கீறலாம், எடுக்காதேங்கறான்."

தராசு சிரித்தார். "அந்தக் கீறல் நான் போட்டதுடி."

"நீங்களா? எதுக்கு?"

"உன் தம்பி யோக்கியனான்னு பார்க்க."

"சீ! என்ன மனுஷரோ நீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அதோடு அவள் பயமும் போய்விட்டது, பாருங்கள். புருஷன் போட்டது என்றதும் அது ஆபத்தில்லாத கீறலாகிவிட்டது. தெருவில் ஒரு தடவை ஓட்டி மிதித்துப் பார்த்தாள். வண்டி நின்றது. "நல்லாத்தானே நிக்குது" என்றாள். வெறும் வண்டி, சமதளம். நிற்காமல் என்ன செய்யும்?

காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். சரிவில் முழுப் பாரத்தோடு இறங்கி, ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் அழுத்தி மிதித்தபோது குழாய் பிளந்தது. மிதி தரையோடு போய்விட்டது. வாசலில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்க வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் வண்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள்.

அவளை மூடிய விரிப்பின் மூலையில் நீல நூல் தையல் இருந்தது. மற்ற சலவையோடு கலந்துவிடக்கூடாது என்று அவளே போடும் தையல்.

தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மெக்கானிக் கை வச்ச மறுநாளே பிரேக் போச்சு." கடைசியாகத் தொட்டவன்தான் கெடுத்தவன் என்பது நமக்கெல்லாம் சுலபமாக வருகிற நியாயம். சாவு வீட்டில் ஒருவர் தராசின் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க மச்சானே எமனாயிட்டானே" என்றார். தராசு தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பட்டறையில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நொறுங்கிய கார் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்தது. ஒரு நாள் காலையில் தம்பியை விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அந்தக் காலையில்தான் தராசு பட்டறைக்குப் போனார். தம்பி காலியான தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்தான்.

"அன்னிக்கு மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க மாமா."

தராசு அதை வாங்கவில்லை. "மச்சான், அந்தக் குழாய்ல இருந்த கீறல்..."

"தெரியும் மாமா."

தம்பியே துணியைப் பிரித்து, கட்டையை வெளிச்சத்தில் காட்டினான். "இதுல ஒண்ணு. அதுல ஒண்ணு. இங்க வர்ற லாரி டயர்லயெல்லாம் இதைத்தானே பார்க்கறேன்."

"தெரிஞ்சுமாடா 'யாரோ'ன்னு சொன்னே?"

"அக்கா புருஷன் மூஞ்சிக்கு நேரா, நீங்க என்னைத் திருடன்னு நினைச்சு செஞ்ச வேலை இதுன்னு எப்படிச் சொல்றது? உங்களுக்கு அவமானமாயிடுமேன்னு பார்த்தேன்."

"சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

"போட்டிருக்கலாம் மாமா. அவ இருந்திருப்பா."

தம்பி கட்டையை மறுபடி துணியில் வைத்துச் சுற்றினான். பிறகு தராசு கேட்டார். "ஊரே உன்னைச் சொல்லுது. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"நீங்க திறப்பீங்கன்னு பார்த்தேன்."

தராசு சட்டைப்பையிலிருந்து கோணி ஊசியை எடுத்துப் பொட்டலத்துக்குள் வைத்து, முடிச்சுப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வா மச்சான். ஸ்டேஷன்ல நான் முதல்ல பேசறேன்."

"வண்டி எடுக்கவா?"

"வேண்டாம்."

தம்பி பட்டறைக் கதவைச் சாத்தினான். சரிவுப் பாதையில் இருவரும் நடந்தே இறங்கினார்கள். சுவர் இடிந்த இடம் வந்தபோது தம்பி நின்றான். தராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் உதறவில்லை; திருப்பிப் பிடிக்கவும் இல்லை.