அஞ்சுகம் பற்றவைத்த கம்ப்யூட்டர்

1

“ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுங்களேன்” என்று அஞ்சுகத்திடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. 1987இல் அவள் காரைக்கால் தலத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஹையர் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். இதையும் அதே இன்ஸ்டிட்யூட் மிஷினில்தான் அடிக்கிறேன். தப்பாய் அடித்ததும் அப்படியே கிடக்கட்டும்.

முதல் தொடக்கம்: காரைக்கால்மேட்டுக் கரையில் அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, ஒரு மீனவப் பெண்

வேண்டாம். அவள் அப்பா காத்தமுத்து கடலுக்குப் போகிறவர்தான். ஆனால் இந்தக் கதையில் அலைக்கு வேலை கிடையாது.

2

அஞ்சுகத்தின் அக்கா விசாலாட்சியின் புருஷன் கோவிந்தராசு சிங்கப்பூரிலிருந்து ஆறு மாத லீவில் வந்தபோது ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். டிவியில் மாட்டினால் ஒரு மட்டை நகரும், பந்து எகிறிப் போய்ச் செங்கலை உடைக்கும். பந்தைத் தவறவிட்டால் ஓர் உயிர் போகும். தெருவே கூடிப் பார்த்தது. பார்த்து முடித்ததும் அது கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

“மச்சான், நான் ஒரு தரம் ஆடிப் பாக்கட்டுமா?”

“வெளிநாட்டுச் சாமான் அஞ்சுகம். கெட்டுப்போனா இங்க எவன் பார்ப்பான்?”

அடுத்த வாரமும் கேட்டாள். அதே பதில். அன்றுதான் அக்காவைக் கவனித்தாள். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவள் விசாலாட்சி. ஒரு பட்டனைக்கூட அவள் அழுத்தியதில்லை.

(கோவிந்தராசுவை இங்கே கெட்டவனாக்கப் பார்த்தேன், வரவில்லை. விமானத்தில் அந்தப் பெட்டியை மடியைவிட்டு இறக்காமல் வந்தவன். அவனுக்கு இருந்தது பயம், அவ்வளவுதான்.)

3

அஞ்சுகம் பணம் அனுப்பி வரவழைத்த பார்சல் சென்னையிலிருந்து வந்தது. துளை போட்ட பச்சைப் பலகை ஒன்று, ஒரு கை ஐசி சில்லுகள், ஒரு கீபோர்டு, எல்லாவற்றையும் மாட்டிக் கம்ப்யூட்டர் ஆக்குவது எப்படி என்று ஒரு வரைபடம். ரேடியோ கடை பாலகுரு, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சோல்டரிங் அயர்னை இரவல் கொடுத்தார். முதல் நாளே விரலைச் சுட்டுக்கொண்டு, வகுப்பில் ஒன்பது விரலால் அடித்துக் காட்டினாள். என்னுடைய பொன்னான யோசனையை நான் சொன்னது அப்போதுதான்.

“வாங்கினா அது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாதே. நானும் அலமாரியிலதான் பூட்டி வைக்கணும்” என்றாள்.

இரண்டு மாதம் பற்றவைத்தாள். வீட்டு டிவியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் வெறும் புள்ளி மழை.

“விட்டுத் தொலையேம்மா” என்றார் காத்தமுத்து.

“விடமாட்டேம்பா.”

வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு ஈயம் வைத்த ஒவ்வொரு இடத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இருபத்து மூன்றாம் நாள் அகப்பட்டது. ஒரு ஐசியின் கால் துளைக்குள் இறங்காமல் அடியில் மடங்கிக் கிடந்தது. முள்வாங்கியால் நிமிர்த்திச் செருகிப் பற்றவைத்தாள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம் சிமிட்டியது.

“அப்பா!”

அவள் போட்ட சத்தத்தில் காத்தமுத்து ஓடி வந்தார். “இந்தக் கட்டத்துக்கா இம்புட்டுப் பாடு?”

“இது நான் சொல்றதக் கேக்கும்பா.”

4

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பத்திரிகையில் வந்திருந்த பந்து விளையாட்டுப் புரோகிராம், நூற்றுப் பன்னிரண்டு வரி. கரண்ட் போனால் அத்தனையும் அழிந்துவிடும். இரண்டு தரம் அழிந்தது. மூன்றாம் தரம் தாளைப் பார்க்காமலே அடித்தாள். (பொறுமையாக என்று எழுதி, அடித்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள் என்பதே நிஜம்.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாலாட்சி வந்தாள். அஞ்சுகம் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“நான் தொட்டு ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆவட்டும்க்கா. எனக்குச் சரிபண்ணத் தெரியும்.”

விசாலாட்சி ஒரு விரலால் அழுத்தினாள். மட்டை நகர்ந்தது. அவள் அப்படிச் சிரித்து அஞ்சுகம் பார்த்ததில்லை.

5

நான் எழுதிய முதல் முடிவு: கோவிந்தராசுவின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு அஞ்சுகத்திடமே வருகிறான். எழுதிவிட்டு நானே கைதட்டினேன். பிறகு கிழித்துப்போட்டேன். அது கெடவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

நடந்தது வேறு. பெண்டாட்டியைத் தேடி வந்த கோவிந்தராசு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் தோற்றாள், மறுபடி ஆடினாள். அவன் குரல் இறங்கியிருந்தது.

“வீட்டுக்கு வா விசாலாட்சி. நம்மகிட்டயே இருக்கே. எடுத்துத் தரேன், அதுல விளையாடு.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க. இன்னும் ரெண்டு உயிர் பாக்கி இருக்கு.”

இதற்குப் பிறகு அவன் கோபித்துக்கொண்டு போனானா, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தானா? அஞ்சுகம் எனக்குச் சொன்னாள். நான் எழுதமாட்டேன். உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: ஆட்டம் முடிகிற மட்டும் விசாலாட்சியை எழுப்பிவிடாதீர்கள்.