சிவமணியின் மாடிக்கு மேலே நிற்கிற விமானம்

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு மேலே ஒரு போர் விமானம் மூன்று வருடமாக அசையாமல் நிற்கிறது. மாடித் தரையிலிருந்து அதன் வயிற்றுக்கு இருபத்திரண்டு அடி. எதிலும் தொங்கவில்லை, எதன்மீதும் ஊன்றவில்லை. முதல் மாதம் மரைன் டிரைவில் வாகனம் நகர முடியாதபடி சனம் வந்து பார்த்தது. இப்போது ஓட்டோக்காரரிடம் விமானத்துக்குக் கீழே என்று சொன்னால் வாசலில் இறக்கிவிடுவார், அவ்வளவுதான். அது அங்கே நிற்பதற்குக் காரணம் மூன்றாம் மாடியில் குடியிருக்கிற சிவமணி. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

சிவமணிக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள். மகள் ஹம்சிகாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. தாய் வேப்பம்பூ வடகம் செய்து காலி வீதிக் கடைகளுக்குக் கொடுப்பாள். வடகத்துக்கு மொட்டை மாடி வேண்டும், மொட்டை மாடிக்கு வெயில் வேண்டும். இரண்டும் கிடைத்து அவள் நிம்மதியாக இருந்த நாளில்தான் காலி முகத்திடலில் விமான சாகச விழா என்று விளம்பரம் வந்தது. விழாக் குழு மிகவும் கவனமானது. திடலின் கடலோரம் கயிறு கட்டி, பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம், விமானங்கள் அந்தப் பக்கம், ஒரு பார்வையாளரின் தலைக்கு மேலாலும் பறப்பதில்லை என்று வரைபடத்தில் கோடு போட்டது. அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காதுக்குப் பஞ்சு எல்லாம் ஆயத்தம். ஆனால் அந்த வேகத்தில் வருகிற விமானம் திடலைத் தாண்டியபின் எங்கேயாவது திரும்பத்தானே வேண்டும்? வெள்ளவத்தைக்கு மேலே திரும்பியது. வெள்ளவத்தைச் சனம் பார்க்க வந்த சனம் இல்லை, சும்மா குடியிருக்கிற சனம். ஆகவே அவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை முதல் ஒத்திகை. கட்டடச் சங்கத்தின் செயலாளர் தயாபரன், உப்புக்காற்றுத் தின்ற கைப்பிடிச் சுவரில் ஏறி இருந்துகொண்டு, போனைப் பிடித்தபடி காத்திருந்தார். சிவமணி வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் விமானம் வந்தது. அவள் நினைக்கவே இல்லை. உடம்பு தானாக விழுந்தது. குப்புற விழுந்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் தூக்கி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். குண்டு போடுகிற விமானம் வந்தால் இப்படி விழு என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுடன் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே நொடியில் இரண்டாம் மாடியில் முகம் வழித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பொன்னம்பலம் குளியலறைத் தரையில் கிடந்தார். முனையிலிருக்கும் பார்மசியில் மருந்து கொடுக்கிற உஷாந்தி மேசைக்குக் கீழே இருந்தாள். அந்த ஒழுங்கையில் மட்டும் முப்பத்தெட்டுப் பேர் என்று பிறகு எண்ணினார்கள். விமானம் போனதும் எல்லோரும் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் சிவமணி வடகத்தின் மேல் விழுந்ததும், முன்னுடுப்பெல்லாம் வடகத்தோடு எழும்பியதும் தயாபரனின் போனில் பதிவாகியிருந்தன. பின்னேரத்துக்குள் அந்தப் படம் ஹம்சிகாவின் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது, அழ அழச் சிரிக்கிற முகங்கள் பதினாறோடு.

சிவமணி நேராகத் தயாபரனிடம் போனாள்.

"தம்பி, இவை கொஞ்சம் கடலுக்கு மேலால போகேலாதே?"

"ரெண்டு நாள்தானே அன்ரி. சும்மா என்ஜோய் பண்ணுங்கோ."

"ரெண்டு நாள் எண்டுதான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கையும் சொன்னவை."

அவளுக்குக் கோபம் தயாபரன்மேல் இல்லை. அவன் கிடக்கட்டும். எத்தனை வருடமாகிவிட்டது, ஊரும் மாறிவிட்டது, இன்னும் யாரோ ஒருவனுடைய இரைச்சலுக்குத் தன் முழங்கால் மடிகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. வியாழன் முழுவதும் உழுந்து அரைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு நான்கு விமானங்களும் மறுபடி வந்தன, இந்த முறை இன்னும் தாழ்வாக. ஒழுங்கையில் நான்கு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு கல் கழன்று கீழே விழ, அதில் மறுபடி ஏறியிருந்த தயாபரன் மாடிப் பக்கம் விழுந்து உயிர் தப்பினார். சிவமணி உடுப்புக் காயப்போடும் கம்பியின் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் இரண்டும் கெஞ்சின. அவள் மசியவில்லை. மூன்றாவது விமானம் நேரே தன் முகத்துக்கு வருவதைப் பார்த்து, "வா, வந்து பார்" என்றாள். விமானம் நின்றது. அதன் எஞ்சின் மட்டும் நாற்பது நிமிடம் இரைந்தது. பிறகு எரிபொருள் தீர்ந்து ஓய்ந்தது. அப்போதும் அது விழவில்லை.

அன்று மதியமே பொறியியலாளர் ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து எழுத்தில் அறிக்கை கொடுத்தார்: இந்தப் பெண்மணி முன்பு விழுந்தது போலக் குப்புற விழுந்தால் விமானம் அந்தக் கணமே புறப்படும், அதுவரை நிற்கும். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. விழாக் குழுத் தலைவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து, அம்மா ஒரே ஒருதரம், ஒரு நிமிடம் போதும் என்று சிங்களத்தில் கெஞ்சினார். சிவமணி தன் கடைச் சிங்களத்தில் "பே மாத்தயா" என்றாள். முடியாது என்பதற்கு அவளுக்கு அந்த மொழியில் நன்றாகத் தெரிந்த சொல் அதுதான். பிறகு ஹம்சிகாவைக் கொண்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். விமானங்கள் கடலுக்கு மேலே திரும்ப வேண்டும். குடியிருக்கிறவர்களையும் ஆட்களாக எண்ண வேண்டும். வரைபடம் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

விமானத்தை விட்டு இறங்க விமானிக்கு அனுமதி இல்லை. குளியாப்பிட்டியப் பக்கத்துப் பொடியன், இருபத்தெட்டு வயது இருக்கும். கண்ணாடி மூடியைத் திறந்துவைத்துவிட்டு வெயிலில் வாடினான். சிவமணிக்கு மனம் கேட்கவில்லை. அவன் மேலேயிருந்து இறக்கிய கயிற்றில் வாளி கட்டி இடியப்பமும் சொதியும் ஏற்றினாள். இந்த ஊருக்கு மேலால் பதினொரு தரம் பறந்திருக்கிறேன், கூரைகளைத்தான் கண்டேன், ஒரு ஆளையும் கண்டதில்லை என்று அவன் சொன்னதை ஹம்சிகா தமிழில் சொன்னாள். சிவமணி இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

கட்டடத்துச் சனம் பயந்தது. அதில் பிழையில்லை, தலைக்கு மேலே ஏழெட்டுத் தொன் இரும்பு நின்றால் யாருக்குத்தான் பயமிராது? நான்கு குடும்பம் வத்தளையில் இருக்கிற உறவினர் வீட்டுக்குப் போனது. மிச்சப்பேர் ஹம்சிகாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அம்மா, ஒருக்காக் குனிஞ்சா எல்லாம் முடிஞ்சுது. ஒபிசில எல்லாரும் கேக்கினம்."

"எத்தினை வருசம் குனிஞ்சனான், பிள்ளை. முடிஞ்சுதே?"

"பிளேன் விழுந்தா?"

"விழுந்தா முதல்ல என்ர தலையிலதான் விழும். நான் கீழதானே நிக்கிறன்."

நித்திரையில் புரண்டு குப்புறப் போய்விடக்கூடாதென்று சிவமணி கட்டிலில் படுக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே தூங்கினாள், கால் இரண்டும் வீங்கின. சனிக்கிழமை காலை ஹம்சிகா தைலத்தோடு வந்து, அந்தக் கால்களை மடியில் தூக்கி வைத்துத் தேய்த்தாள். அதற்குப் பிறகு அவள் தாயைக் குனியச் சொல்லவில்லை.

ஞாயிறு விழா. மிச்சமிருந்த மூன்று விமானங்களும் அதே வழியால், அதே உயரத்தில் போகட்டும், சத்தத்துக்கு அந்த மனுசி தானாக விழுவாள் என்று குழு முடிவெடுத்தது. இது எப்படியோ ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஏறி வந்தது குப்பாயி, கட்டடத்தின் படி கூட்டுகிறவள், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், குண்டுவீச்சே பார்க்காதவள். "நானும் நிக்கிறேங்க. யாரு விழுறான்னு பாத்துருவோம்" என்று சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு பொன்னம்பலம், ஒரு கன்னம் மட்டும் வழித்தபடி. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் சவரக் கத்தியைத் தொடவில்லை. பிறகு உஷாந்தி. வீட்டில் இடி விழுந்தாலும் எழும்பாதவர்கள்கூட அன்று ஏறினார்கள். பத்து மணிக்கு ஒழுங்கையின் எல்லா மாடிகளிலும் சனம் நின்றது. கைப்பிடிச் சுவருக்குத் தள்ளி, தரையின் நடுவில் நிற்கும்படி எல்லோரையும் ஒழுங்குபடுத்தியது தயாபரன்தான்.

மூன்றும் வந்தன. பற்கள் கிடுகிடுத்தன, சிலர் வாய்விட்டு அழுதார்கள், உஷாந்திக்குக் காலோடு சிறுநீர் போனது. ஒருவரும் விழவில்லை. அப்போது மேலே நின்ற விமானி வானொலியில் இரண்டே சொல் சொன்னான்: "மினிஸ்ஸு இன்னவா." கீழே ஆட்கள் இருக்கிறார்கள். முன்னால் வந்தவன் கூரைகளைப் பார்த்தான். கூரை தெரியவில்லை. தலைகள், முகங்கள், ஒவ்வொன்றும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. மூன்று விமானங்களும் வலப்பக்கம் சரிந்து கடலுக்கு மேலே திரும்பின. திடலில் கூடியிருந்த இலட்சம் சனம், அந்தத் திருப்பம்தான் முழு விழாவிலும் வடிவானது என்று கை தட்டியது.

திங்கட்கிழமை, அடுத்த விழாவுக்கென்று வரைபடம் புதிதாக அச்சானது. கோடு வெள்ளவத்தையையும் சுற்றிப் போட்டிருந்தார்கள். விமானியை ஏணி வைத்து இறக்கினார்கள். அவன் சித்திரைக்கும் தைக்கும் குடும்பத்தோடு வந்து போகிறான். விமானத்தை எடுக்க அவள் ஒருதரம் விழுந்தால் போதும் என்று குழு இரண்டு கடிதம் எழுதியது. அவள் பதில் போடவில்லை. மூன்றாம் கடிதம் வரவில்லை, பதிலாக விமானத்தைப் பதிவேட்டிலிருந்து வெட்டினார்கள். வால் பக்கத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. இறக்கையில் நாலாம் மாடிக்காரர் டிவி அன்ரனா பூட்டியிருக்கிறார், படம் தெளிவு என்கிறார்.

மாடியின் பாதி நிழலாகிப் போனது, வடகத்துக்கு மற்றப் பாதி போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவமணி அந்த நிழலில் பாய் விரித்து, கையைக் காலை நீட்டி, முகம் வானத்துக்கு இருக்க மல்லாந்து படுப்பாள். கடற்கரைத் தண்டவாளத்தில் மூன்று மணி ரயில் போகும். மேலே விமானம் நிற்கும். அவள் குறட்டை விடுவாள்.