வளையல் கேட்டு நின்ற எக்ஸ்பிரஸ்

தென்னரசு தரகரிடம் வாங்கிவந்த இளங்குதிரைக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது கண்டமங்கலம் டீக்கடை. கிளம்பினால் எங்கேயும் நிற்காது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடத்தான் அதை வாங்கினான். மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரை ஆரத்திக்கு நிற்க வேண்டாமா? அவன் கயிற்றை இழுத்து "நில்லு" என்று கத்தினால் அது இன்னும் வேகமெடுக்கும்.

அவன் தங்கை ரோஜாவுக்கு மட்டும் நின்றது. காலையில் ஏரிக்கரையில் நடத்திப் போவாள். கிசுகிசுப்பாக "நில்லு" என்பாள், சுடிதார் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து, கடலையை உரித்து ஊட்டுவாள்.

திண்டிவனத்தில் முதல் ஊர்வலம். முந்தின நாள் தென்னரசுவும் கிசுகிசுத்துப் பார்த்தான். பலனில்லை.

"நாளைக்கு நிக்கலன்னா தரகருகிட்டயே ஓட்டிக்கினு போயி உட்டுருவேன் ரோஜா."

அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். வளையல் குலுங்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வளையலைக் கழற்றிவிட்டு "நில்லு" என்றாள், நிற்கவில்லை. வெறும் வளையலைக் குலுக்கினாள், நின்றது. மல்லாட்டைக்குக் கை போகும்போதெல்லாம் குலுங்கிய கண்ணாடிச் சத்தத்தைத்தான் அது படித்து வைத்திருந்தது.

ஊர்வலத்துக்குக் கூடவே வந்து குதிரையைப் பிடிக்கச் சொன்னான் அண்ணன். அத்தனை பேர் நடுவிலா? ரோஜா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். ஆகவே மறுநாள், மீசை முறுக்கிய தென்னரசு, சோப்புப் போட்டு ஏற்றிய அரை டஜன் வளையலை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு குதிரை பிடித்தான். ரோஜா பெண்கள் கூட்டத்தின் கடைசியில் ஒளிந்து வந்தாள்.

முன்னால் பேண்டு செட் வழியை அடைத்துக்கொண்டு போனதால் தெருவெல்லாம் தொந்தரவில்லை. மண்டப வாசலில் பேண்டு ஓய்ந்து ஒதுங்கியது. தென்னரசு கையை உதறினான். சத்தமே இல்லை. ஆடிய பையன்கள் இடித்ததில் வளையல் நொறுங்கி, துண்டுகள் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. எக்ஸ்பிரஸ் ஆரத்தித் தட்டுகளைத் தாண்டி, மாப்பிள்ளையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடையைக் கட்டியது.

"மாப்ளய எங்கய்யா இட்டுக்கினு போற?" என்றார் பெண்ணின் அப்பா.

ரோஜா தன் வளையலைக் குலுக்கினாள். அவ்வளவு தூரம் எட்டவில்லை. தரகரின் முகம் ஞாபகம் வந்தது. தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"அக்கா, எல்லாரும் கைய ஆட்டுங்கக்கா. வளையல் சத்தம் கேக்கணும். ஜல்தி."

ஏனென்று கேட்காமலே அத்தனை பெண்களும் குலுக்கினார்கள். எக்ஸ்பிரஸ் ஆணியடித்தாற்போல் நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் நிற்காமல் முன்னால் போய் விழுந்தது. பிறகு குதிரை தானாகத் திரும்பி வந்து, ஆரத்தித் தட்டுகளை ஒவ்வொன்றாக மோந்து, மல்லாட்டை இல்லாத கோபத்தில் தும்மியது.

பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தன் தங்கை மகன் கல்யாணத்துக்கும் இதே குதிரைதான் வேண்டும் என்றார். எப்படிப் பழக்கினாய் என்றும் கேட்டார்.

"எல்லாம் நம்ம கொரல்ல இருக்குதுங்க" என்ற தென்னரசு, புழுக்கம் தாங்காமல் சட்டைக்கைப் பொத்தானை அவிழ்த்தான்.

சிவப்புக் கண்ணாடித் துண்டுகள் கலகலவென்று தரையில் உதிர்ந்தன. கிளம்பத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் மறுபடியும் நின்றுவிட்டது.