நாற்பத்தெட்டாம் பக்கத்து மீன்

செத்துப்போன என் புருஷன் பேரில் மே மாதம் ஒரு புத்தகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, நூலக வண்டி எங்கள் ஊர் சர்ச் ஹால் வாசலில் வந்து நிற்கும். இருபத்தைந்து நிமிஷம்தான். நான் அதில் ஏறினதே கிடையாது. அன்றைக்கு ஏறினேன், டெஸ்ஸின் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க. அக்டோபரில் போனவருடைய அட்டையை மே மாதம் வரைக்கும் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். அது என் இஷ்டம், யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

வண்டி ஓட்டுவது, புத்தகம் கொடுப்பது எல்லாம் நீல் ஒருத்தன்தான். அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"மிசஸ் பெல்லாமி, தப்பா எடுத்துக்காதீங்க. இவர் பேர்ல ஒரு புத்தகம் வந்திருக்கு. போன வருஷமே சொல்லி வச்சிருந்தார், வரிசையில நாலாவது ஆள். பேரை எடுத்துடலாம்னு பார்த்தேன், மனசு வரல."

"என்ன புத்தகம்?"

"வேற என்ன, கிளாம்ப் அம்மாதான். இருபத்துமூணாவது."

வினிஃப்ரெட் கிளாம்ப். பதினோரு வருஷமாக என் வீட்டில் சக்களத்தி மாதிரி குடியிருந்தவள். துப்பறியும் கதைகளின் நாயகி, ஊர் ஊராகப் போய் ஜாம் போட்டிக்கு நடுவராக இருக்கும் ஒரு விதவை. இவள் கரண்டியோடு போய் இறங்குகிற ஊரில் எல்லாம் ஒரு பிணம் விழும். போலீஸ் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, இவள் மார்மலேடை நக்கிப் பார்த்துக் கொலைகாரனைப் பிடிப்பாள். இப்படிப்பட்டவளை எந்த ஊர் திரும்பக் கூப்பிடும் என்று நான் கேட்டால் டெஸ் சிரிப்பார். பாதிக் கதையில் தலையைத் தூக்கி, "ஏவ்ரில், யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பார். "எனக்குத் துணி தேய்க்கிற வேலை இருக்கு" என்பேன். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் அறுபதாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்" என்பார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதே அறுபது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை நீண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேசையில் கல்தச்சர் அனுப்பிய படிவம் கிடந்தது. புதைத்த மண் இறுகி அடங்கிவிட்டது, கல் நடலாம், என்ன வெட்ட வேண்டும் என்று மாசக் கடைசிக்குள் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். 'டெஸ்மண்ட் பெல்லாமி, அன்புக் கணவர்' என்று முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, புத்தகத்தில் நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. கிளாம்ப் புத்தகங்களின் அட்டை எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: ஒரு வீடு, ஒரு பூனை, ஒரு ஜாம் பாட்டில். படித்ததா படிக்காததா என்று சொல்லவே முடியாது. அதனால் எங்கள் ஊர் வயசாளிகள் ஆளுக்கு ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, படித்த புத்தகத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுவிடுவார்கள். நீல் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பான். டெஸ் பிறந்தது நாற்பத்தெட்டில், அதனால் அவருக்கு அந்தப் பக்கம். அடையாளம் ஒரு மீன். மண்வெட்டிக் காம்பு, தோட்டத்து வாளி என்று அவர் கைபட்ட சாமான் எல்லாவற்றிலும் அந்த மீன் இருக்கும்.

இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் மீன் இருக்காது, அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் திறந்தேன். மீன் இருந்தது.

புத்தகம் வெளிவந்தது இந்தப் பிப்ரவரியில். மனுஷன் போனது போன அக்டோபரில். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பெண்பிள்ளைகளின் சாமர்த்தியத்தில் உண்டு. மீனோடு ஒட்டினாற்போல், ஐந்து இதழ் வைத்து ஒரு பூ இருந்தது. பூவுக்குக் கீழே 187 என்று ஓர் எண். மீனுக்குக் கீழே எண் இல்லை.

டீ ஆறிப்போயிற்று. படிவத்தை எடுத்து 'அன்புக் கணவர்' மேல் ஒரு கோடு போட்டேன். பெயரும் வருஷமும் போதும், அதிலாவது பொய் கிடையாது. நாற்பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். அதில் எத்தனை வருஷம் எனக்கு, எத்தனை வருஷம் அந்தப் பூவுக்கு என்று தெரியாமல் ஒரு சொல்லைக் கல்லில் வெட்டச் சொல்ல நான் முட்டாளா?

மறுநாள் பஸ் பிடித்து டவுன் நூலகத்துக்குப் போனேன். வண்டியில் சுற்றி முடித்த புத்தகங்கள் அங்கேதான் வந்து சேரும். பதினான்கு கிளாம்ப் கிடைத்தது. பழைய இரண்டில் மீன் தனியாக இருந்தது. மூன்றாவதிலிருந்து பக்கத்தில் பூ. பிறகு எல்லாவற்றிலும் ஜோடியாகத்தான். மீனுக்குக் கீழே ஓர் எண், பூவுக்குக் கீழே ஓர் எண். சிலதை எழுதி அடித்திருந்தது. பதினான்கு புத்தகத்தையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அங்கிருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதல் எண் 214. செவ்வாய்க்கிழமைதோறும் விதை வாங்கப் போகிறேன் என்று டெஸ் டவுனுக்குக் கிளம்புவது இரண்டு பதினாலு பஸ்ஸில். ஒரு பொட்டலம் முள்ளங்கி விதைக்கு அரை நாள். நெருப்பில்லாமல் புகையுமா? ஆனால் அடுத்த புத்தகத்தில் 275. எந்தக் கடிகாரத்திலும் இரண்டு எழுபத்தைந்து கிடையாது. அப்புறம்தான் பொறி தட்டியது. சர்ச் பாட்டுப் புத்தகத்தில் 275 உண்டு. பாடகர் குழுவில் ரோசலிண்ட் பைக் உண்டு. எழுபது வயசில் சிவப்பு உதட்டுச் சாயம் பூசுகிறவள். டெஸ்ஸை அடக்கம் பண்ணின அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவள்.

வெளியே வந்தால், கட்டடத்துக்குப் பின்னால் நீல் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீல், அந்தப் புத்தகத்தை எனக்கு முன்னாடி எடுத்த மூணு பேர் யாரு?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும்."

"ரோசலிண்ட் பைக்கா?"

"மிசஸ் பெல்லாமி, நீங்க இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலியா? அதுக்குள்ள கிளாம்ப் மாதிரி விசாரிக்கறீங்க."

பஸ் ஏறிவிட்டேன். அடுத்த நாள் தபாலாபீஸ் வரிசையில் ரோசலிண்டை வசமாகப் பிடித்தேன்.

"ரோசலிண்ட், நீங்க கிளாம்ப் படிக்கறதுண்டா?"

"அந்த ஜாம்காரியையா? எனக்குக் கழுத்து அறுபடணும், ஏவ்ரில். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் வழியணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"என் டெஸ் சாவுக்கு ரொம்ப அழுதீங்களே."

"நான் எல்லார் சாவுக்கும் அழுவேன். உங்க சாவுக்கும் நல்லா அழுவேன், பார்த்துக்கிட்டே இருங்க."

அவள் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. கையில் தபால்தலையை வைத்துக்கொண்டு ஏமாந்து நின்றேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை, சாயங்காலம் சர்ச் ஹாலில் பொதுச் சாப்பாடு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுப்பில் வாட்டி எடுத்துப் போக, அலமாரியின் அடியில் கைவிட்டு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தேன். என்னுடையது இல்லை. ஹாலில் பாத்திரங்கள் மாறிப்போகும் என்பதால், பெண்கள் எல்லாரும் அடிப்பக்கம் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதிவிடுவோம். யாருடையது என்று கவிழ்த்துப் பார்த்தேன். 'தெல்மா ஓக்ஸ்'. பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இதழ்ப் பூ.

ஏழு மாதமாக முழுப் பூசணிக்காய் என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

தெல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. கால்வாய் ஓரத்து வீடு. பார்த்தால் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், இந்தப் பாத்திரத்தில் கறியும் மசித்த கிழங்குமாக வைத்து எடுத்து வந்தாள். வாசலில் நின்றவள் கீழே எதையோ பார்த்தாள், கண் கலங்கிவிட்டது, பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அன்றைக்கு அதை இரக்கம் என்று நினைத்தேன். இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பாத்திரத்தை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக் கதவைக் காலால் தட்டினேன்.

"அதுக்கு என்ன அவசரம், மெதுவா கொடுத்திருக்கலாமே," என்றாள் தெல்மா.

"அவசரம் எனக்கு. இந்தப் பூ உன்னுதா?"

"ஆமா."

புத்தகத்தைத் திறந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது?"

"அதுவும்தான்."

"மீன்?"

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அதை நான் போட்டிருக்கக் கூடாது, ஏவ்ரில். மன்னிச்சுடுங்க."

"எத்தனை நாளா?"

"இந்த ஒரு புத்தகத்துல மட்டும்தான்."

"நான் மீனைக் கேக்கல. என் புருஷனைக் கேக்கறேன். எத்தனை நாளா?"

அது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் குப்பென்று சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர்தான் மீனுன்னே எனக்குத் தெரியாதுங்க."

"பதினோரு வருஷமா ஒரே பக்கத்துல படுத்துக் கிடந்திருக்கீங்க. தெரியாதாம்."

"சத்தியமா. முதல்ல நம்ம ஊர்க் கர்னல்னு நினைச்சேன். அப்புறம் பாதிரியார்னு நினைச்சு, ஒரு வருஷம் அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சேன். பாவம், மனுஷர் பயந்துட்டார்."

"அப்ப அந்த நம்பர் எல்லாம்?"

"கொலைகாரன் யாருன்னு முடிவு பண்ணின பக்கம். ஒரு தடவை மீனுக்குக் கீழ 214ன்னு இருந்துச்சு. நான் 198லயே பிடிச்சிருந்தேன். சும்மா இருக்க முடியல, நாப்பத்தெட்டுல ஒரு பூவைப் போட்டு எழுதி வச்சேன். அதுலேர்ந்து போட்டிதான். சில சமயம் நான் முந்தி எடுப்பேன், சில சமயம் மீன் முந்தி எடுக்கும். தப்பா சொல்லியிருந்தா எழுதினதை அடிச்சுடணும். மீன் நிறைய அடிக்கும்."

"அவர்னு எப்பத் தெரிஞ்சுது?"

"உங்க வீட்டு வாசல்ல மண்வெட்டி சாய்ச்சு வச்சிருந்தீங்க. காம்புல மீன்." அவள் மீனை விரலால் தொட்டாள். "இந்தப் புத்தகம் வந்தப்ப பூவை மட்டும் தனியா போட மனசு வரல. மீனையும் போட்டேன். நம்பர் மட்டும் எழுதல. அது அவர் கண்டுபிடிக்க வேண்டியதாச்சே."

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "அறுபதுன்னு எப்பவாவது எழுதியிருக்காரா?"

"அறுபதா?" தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அறுபதுல பிணமே விழாதேங்க."

பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன். கால்வாய் ஓரமாக நடந்து வரும்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரென்று தெரியாத ஒரு பூவிடம் தோற்றதை எல்லாம் ஒழுங்காக ஒத்துக்கொண்டிருக்கிறார். கட்டினவளிடம் பதினோரு வருஷம் பொய். கள்ளத்தொடர்பே இருந்திருக்கலாம், அதற்காவது ஊரைக் கூட்டித் திட்டியிருப்பேன். இதற்கு யாரைத் திட்டுவது? படிவத்தை அப்படியே வைத்தேன். கோடு கோடாகவே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கிளாம்ப் ரயிலில் வந்தாள். தங்கின வீட்டுக்காரியோடு முட்டைக்காகச் சண்டை போட்டாள். அறுபதாம் பக்கத்தில் ஒரு தொப்பி வாங்கினாள். அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். முதல் பிணம் எழுபத்துநாலாம் பக்கத்தில் விழுந்தது.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் சாவதற்கு முன்னாலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு தடவை. சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்ப்பார். பாராட்டுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து நான் திரும்பிக்கொள்வேன். அது பொய் இல்லை, விளையாட்டு. ஒரே ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தாலும் எனக்குப் பிடிபட்டிருக்கும். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். தெல்மா வீட்டில் அடக்கி வைத்த அழுகை முழுவதும் அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை வேறு படிவம் வாங்கி, 'அன்புக் கணவர்' என்று எழுதி, கீழே ஒரு மீனும் வெட்டச் சொன்னேன். மீன் கிறிஸ்துவின் பழைய அடையாளம், டெஸ்ஸுக்கு இவ்வளவு பக்தி இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பாதிரியார் நெகிழ்ந்துபோனார்.

புத்தகத்தைப் படித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. நூற்று இருபதில் டாக்டர் என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் இல்லை, தபால்காரர். வியாழக்கிழமை வண்டி வருவதற்கு முன்னால் நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, மீனுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் 60 என்று பேனாவால் எழுதினேன்.