உப்புக்காரியின் தூக்கம்

சகாயசெல்விக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. மரக்காணத்து உப்பளத்தில் குத்தகை எடுத்து, இடுப்பொடிய வாரிய உப்பு மொத்தமும் வரப்பில் குவிந்து கிடந்தது. போனைத் திறந்தால் மழைச் செய்தி. வானிலை சொல்பவர் தொண்டையைச் செருமினாலே இவள் வரப்புக்கு ஓடிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாரி வருவதாக ஏற்பாடு. லாரி எங்கே முன்னாலேயே வந்துவிடுமோ, உடனே ஏற்ற வேண்டுமே என்று விடிந்ததும் ஓடி, குவியலை மூடியிருந்த தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டுத்தான் கோவிலுக்கு வந்தாள். அப்படியொரு அவசரக்காரி.

அன்றைய நற்செய்தி, புயலில் படகு தத்தளிக்கையில் இயேசு தலையணை வைத்துத் தூங்கிய கதை.

"அவருக்கென்ன, உப்பா வாரி வச்சிருந்தாரு?" என்று முணுமுணுத்தாள். பக்கத்து வீட்டுச் சாலம்மாள் முழங்கையால் இடித்தாள்.

அந்தச் சாலம்மாளே எழுந்து போய் மன்றாட்டு வாசித்தாள். அவளுடைய கொல்லையில் மல்லாட்டைச் செடி, கடலை பிடிக்கிற நேரத்தில் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. "நல்ல மழை பெய்ய வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோவில் முழுவதும். சகாயசெல்வி மட்டும், "லாரி போனப்புறம்" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள்.

வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்கும்போதே இடி இடித்தது. செருப்பைக்கூட மாட்டாமல் உப்பளத்துக்கு ஓடினாள். பின்னாலேயே மூச்சிரைக்கச் சாலம்மாள்.

"நீ எதுக்குக்கா வர்ற? நீ கேட்ட மழைதானே, போய்க் கொல்லையில நின்னு பாரு!"

"மழையத்தான்டி கேட்டேன், உன் உப்பைக் கரைக்கவா சொன்னேன்? பேசாம அந்த முனையப் புடி!"

காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. பாதிக் குவியலைத்தான் மூட முடிந்தது. மீதி கண்ணெதிரிலேயே கரைந்து, வந்த பாத்திக்கே திரும்பிப் போனது. அழுகை முட்டியது சகாயசெல்விக்கு. பாரம் வைக்கக் கல்லும் இல்லாமல், உள்ளே புகுந்து, தார்ப்பாயின் ஓரத்தை உள்ளே மடித்து, அதன்மேல் தானே படுத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, என்னால ஆனதப் புடிச்சிட்டேன். மிச்சத்த நீரே பாத்துக்கும்" என்றாள். ஒரு வாரமாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த கவலை எழுந்து போய்விட்டது. இவ்வளவு நிம்மதியை அவள் எதிர்பார்க்கவேயில்லை.

வெளியே சாலம்மாள் தொப்பலாக நனைந்து மறுமுனையோடு மல்லுக்கட்டினாள்.

"செல்வி! பாதி உப்பு தப்பிச்சிச்சுடி!"

சாலம்மாள் குனிந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். உப்பில் தலைவைத்துச் சகாயசெல்வி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே, எழுந்திருடி! நான் இங்க காத்தோட போயிடுவேன் போலிருக்குது, உனக்குத் தூக்கமா?"