ஒரே வாசிப்பு இடம்

"அம்மா, ஒரே புத்தகத்த நாம ரெண்டு பேரும் வாசிக்கிறப்ப நான் பக்கத்தத் திருப்பிட்டா, நீங்க வாசிக்காத பக்கம் என்னாகும்?"

மகள் எப்போதோ கேட்டது. றேணுகா அன்று சிரித்து மழுப்பிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை நண்பகலில், கண்டி அலுவலகத்தில் கணினி முன் இருந்தவளுக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

கண் கிளினிக் நாள் மாறியதை நோயாளிகளுக்கு அறிவிக்கும் நிரலை அவளும் இல்ஹாமும் சி என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார்கள். பெயர்க்கோப்பைத் திறப்பது அவள் பகுதி. செய்தி அனுப்புவது அவன் பகுதி. பாதிப் பேருக்குச் செய்தி போகவில்லை. செல்லச்சாமி என்ற முதியவர் ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம்.

"இல்ஹாம், மொதல்ல ஒங்க புரோகிராமுக்குத்தான் கண் ஒப்பரேஷன் செய்யணும்," என்றார் முதலாளி ஜெயராஜ் காலையில். "வேற எடத்தில வேல பாத்துக்குங்க."

"என்ட பக்கம்தான் பிழ இருக்கும் சேர்," என்றான் இல்ஹாம்.

பிறகு றேணுகாவிடம், "நீங்க யோசிக்காதீங்க தங்கச்சி," என்று சொல்லி, தன் மேசைச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனான்.

பிழை அவளுடையது. கோப்பைத் திறந்த பிறகே, ஓடும் நிரலைத் தாய், பிள்ளை என்று கணினிக்காரர் சொல்லும் இரண்டாகப் பிரித்திருந்தாள்: தாய் நிரல் செய்தி அனுப்ப, பிள்ளை நிரல் பட்டியல் அச்சிட. இரண்டும் தனித்தனியே முழுக்க வாசிக்கும் என்று நம்பினாள். கோப்பு ஒரே தடவை திறக்கப்பட்டதால், எதுவரை வாசித்தாயிற்று என்று காட்டும் இடமும் இரண்டுக்கும் ஒன்றே. பிள்ளை ஒரு பெயரை வாசித்ததும் தாய்க்கும் இடம் நகர்ந்தது. அந்தப் பெயர் தாயின் கண்ணில் படவேயில்லை.

பிரிந்தபின் ஒவ்வொன்றும் தானே கோப்பைத் திறக்கும்படி மாற்றினாள். சரியாக ஓடியது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை அவளுடைய நிரந்தர நியமனக் கடிதம் வரும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நித்திரை போகும். ஜன்னலருகே போய் நின்றாள். கீழே பஸ்கள் முன்னும் பின்னும் நகர இடமின்றி நின்றன.

மகள் டெங்குவில் கிடந்த பதினொரு நாளும் அவளது வேலையை, அவள் அண்ணனாக எண்ணி 'நானா' என்று கூப்பிடும் இல்ஹாம்தான் செய்தான். செய்து, அவள் பெயரிலேயே ஒப்படைத்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதிரையில் அமர்ந்து ஜெயராஜுக்கு எழுதினாள்: "பிழை என்னுடையது. இல்ஹாம் நானாவின் பகுதியில் குறையில்லை." சிலுவைக் குறியிட்டுக்கொண்டு அனுப்பினாள்.

அலுவலகத்தில் யாரும் இல்லை. இல்ஹாமின் பெட்டியைத் திறந்து, தேநீர்க் கோப்பை, தொப்பி, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பழைய இடத்திலேயே வைக்கத் தொடங்கினாள்.